அந்த ஆடு என்னை முட்டவில்லை

அன்புள்ள பிள்ளைக்கு,

அந்த ஆடு என்னை முட்டவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், எழுதிவிட்டேன். ஆனி மாதம் என் வலது முழங்கையும் விலாவும் கறுத்துப் போய்க் கிடந்ததைக் கண்டு நீ பதறினாய். "ஆடு முட்டிப்போட்டுது பிள்ளை" என்றேன். நீயும் நம்பினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மருமகனிடம் சொல்லி, அம்மா ஆசையாக வளர்த்த அந்த ஆட்டை ஓட்டோவில் ஏற்றிக் கொடிகாமத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாய். ஏற்றும்போது அது என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம், அது வாழ்நாளில் பூவரசங்குழையைத் தவிர வேறொன்றையும் முட்டியதில்லை.

நான் விழுந்தேன். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். மூன்றாவது தரம் நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதம். வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. ஒன்பது மாதமாக வீட்டில் பிள்ளையோடு இருந்த நீ மறுபடி படிப்பிக்கப் போகிறாய். காலை ஆறே முக்காலுக்கு என் பேத்தி குட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். அதைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. நீ வாசல் படலையைத் தாண்டிப் போனதும் குசினிக்குள் அடுப்படியில் போய் நின்று அழுதேன். அந்தச் சந்தோஷத்தை நானே கெடுத்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உண்மை தெரியாமல் நீ உன் பிள்ளையை என் கையில் தரக் கூடாது. இதை வாசித்துவிட்டு நீ தரமாட்டேன் என்றாலும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். மூன்று தரம் முயன்று பார்த்தேன். ஒரு தரம் நீ குட்டிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாய், ஒரு தரம் மருமகன் வந்துவிட்டார், இன்னொரு தரம் எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் ஆட்களை அதட்டிய வாய், பெற்ற மகளுக்கு முன்னால் இப்படிக் கட்டிப்போகும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. உனக்கு ஆறு வயது இருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் என்னோடு சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் வரை வந்து திரும்புவதுதான் உனக்குப் பெரிய விளையாட்டு. கம்பியைப் பிடிக்காமல் நிற்பதற்கு உனக்குப் பழக்கினேன். "காலை அகட்டு. முழங்காலை இறுக்காதை, இளக்கி விடு. கீழை பாராதை, போற பக்கம் பார்." கைதடியில் வளைவு வரும்போது நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று சிரிப்பாய். முன்சீற்றில் இருந்த கிழவிகள் எல்லாரும் என்னை ஏசினார்கள். எனக்கோ பெருமை. ஒரு கையில் ரிக்கற் புத்தகம், மறு கையில் காசுப் பை, ஓடுகிற பஸ்ஸில் எந்த வளைவிலும் கம்பியைத் தொடாமல் நின்ற கொண்டக்டர் என்ற பெயர் எனக்கு இருந்தது. சேவைக்காலம் முழுக்க ஒரு நாளும் காய்ச்சல் வருத்தமென்று லீவு போட்டதில்லை என்பது அதைவிடப் பெரிய பெருமை. இந்த இரண்டு பெருமையும்தான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தன.

"அப்பா, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். நான் ஆஸ்பத்திரிக்குப் போகாதவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அம்மாவோடு பதினொரு வருஷம் கிளினிக்குக்குப் போனேன். விடிய ஐந்து மணிக்கு நம்பர் எடுத்தது நான், கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மரவாங்கில் இருந்தது நான், மருந்துக் குளிசை தருகிற யன்னலில் நின்றது நான். அங்கே வேலை செய்த எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஆனால் இவ்வளவு வருஷத்தில் ஒரு தரமாவது யாரும் என் கையில் பிறஷர் பட்டியைச் சுற்றவில்லை, நானும் கேட்கவில்லை. நான் துணைக்குப் போனவன். அதை டொக்டரிடம் போன கணக்கில் சேர்த்துக்கொண்டு, என்னை நானே ஏமாற்றிவிட்டேன்.

இப்போது குளிசைக் கதை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேள். அம்மா போய் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் நீயும் என் தங்கச்சி மாமியும் அவளுடைய சீலைகளைப் பிரித்து யார் யாருக்கோ கொடுத்தீர்கள். அந்த நீல பிஸ்கற் ரின்னை மட்டும் நான் எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். உள்ளே அவளுடைய குளிசைகள் இருந்தன. பிறஷருக்கு ஒன்று, சலம் போவதற்கு ஒன்று, இரவில் நித்திரைக்கு ஒன்று. எறிய மனம் வரவில்லை. ஒரு நாள் எனக்குப் பிடரி வலித்தது. அவளுக்குப் பிறஷர் கூடினால் பிடரிதான் வலிக்கும். அப்படியென்றால் எனக்கும் பிறஷர்தான் என்று நானே முடிவுகட்டி, அவளுடைய குளிசையில் ஒன்றைப் போட்டேன். வலி நின்றது. அது தேத்தண்ணியால் நின்றதோ என்னவோ. அடுத்த நாளும் போட்டேன். போகப் போக மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன, நித்திரைக் குளிசை இரவில். அவள் போடுகிற அதே நேரம், காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு, அவள் வைக்கிற அதே சின்னப் பீங்கானில் எடுத்து வைத்துப் போட்டேன். அந்தக் குளிசை என் தொண்டையால் இறங்குகிற நேரம் வீட்டில் அவளும் இருக்கிற மாதிரி இருந்தது. ரின் முடிந்ததும் வெறும் உறையைக் காட்டிப் பாமசியில் வாங்கினேன். ஏறக்குறைய இரண்டு வருஷம், பிள்ளை. யாருக்கும் சொல்லவில்லை.

முதல் தரம் விழுந்தது கிணற்றடியில். விடியற்காலை எழும்பி, விறுவிறென்று போய் வாளியை எடுத்தேன். தலை ஒருக்கால் வெறுமையானது. அவ்வளவுதான், சீமேந்தில் கிடந்தேன். பாசி வழுக்கியது என்று நினைத்துக்கொண்டேன். பாசியும் இருந்ததுதான். என் செருப்பின் அடி தேய்ந்து, வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்ததும் உண்மைதான். எழும்ப முடியாமல் கொஞ்ச நேரம் கிடந்தபோது எனக்கு வந்த யோசனை, நோகிறதே என்பதல்ல, யாராவது கண்டுவிட்டார்களோ என்பதுதான். அதற்குப் பிறகுதான் ஆட்டின் மேல் பழியைப் போட்டேன்.

இரண்டாவது தரம் விழுந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய், சிரி. நல்லூர்த் தேருக்குப் போக பஸ் ஏறினேன். பஸ் நிறையச் சனம். பெடியன் ஒருவன் கொண்டக்டர். "ஐயா, கம்பியைப் பிடிச்சு நில்லுங்கோ" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தம்பி, நீ பிறக்க முந்தியே நான் உந்த இடத்திலை பிடியாமல் நிண்டனான்" என்றேன். அதே கைதடி வளைவு. றைவர் பிறேக் போட்டார். நான் போய் ஒரு மனுசியின் மடியில் விழுந்து, அவளுடைய பையிலிருந்த கத்தரிக்காய் எல்லாம் பஸ் முழுக்க உருண்டது. அந்தப் பெடியன் என்னைத் தூக்கிக்கொண்டு போய், மதகுருமாருக்கென்று எழுதியிருக்கிற முன்சீற்றில் இருத்திவிட்டான். யாழ்ப்பாணம் வரை நான் தலை நிமிரவில்லை. அன்றைக்கு முருகனிடம் நான் கேட்டது ஒன்றுதான், பஸ்ஸில் தெரிந்த ஆட்கள் யாரும் இருந்திருக்கக் கூடாது என்று.

ஆட்டை ஏற்றிய அன்று மத்தியானம் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. அதைக் கட்டியிருந்த வெறும் முளையைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. அந்தப் பொய் என்னுடைய பொய்யே அல்ல. அது அம்மாவின் பொய். அவள் போவதற்கு முந்திய வருஷம், அவளுடைய கையில் இதே மாதிரி ஒரு கறுப்பு. நான் கேட்டதற்கு, "ஆடு முட்டினது, இஞ்சேருங்கோ, ஒண்டுமில்லை" என்றாள். நான் நம்பினேன். நான் சொல்லி நீ நம்பின மாதிரியே நம்பினேன்.

அவள் ஏன் என்னிடம் பொய் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் முந்தி ஒரு தரம் அவள் குசினி வாசற்படியில் விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கினதுதான், ஆனால் தூக்கும்போதே ஏசினேன். "பாத்து நடக்கத் தெரியாதோ? கண் எங்கை வைச்சிருக்கிறாய்?" அவள் மெல்லச் சொன்னாள், "எழும்பேக்கை தலை சுத்துது." நான் விட்டேனா? "விரதம் விரதமெண்டு பட்டினி கிடந்தால் சுத்தாமல் என்ன செய்யும்?" என்றேன். பயத்தில் ஏசினேன், பிள்ளை. அவள் விழுந்துகிடந்ததைக் கண்ட பயம். எனக்குப் பயம் வந்தால் அது வெளியே கோபமாகத்தான் வரும், உனக்குத் தெரிந்ததுதானே. ஆனால் அவள் கேட்டது கோபத்தை மட்டும்தான். அதற்குப் பிறகு அவள் விழவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விழுந்திருக்கிறாள். என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். கிளினிக்கில் டொக்டருக்குப் பக்கத்தில் நான்தானே இருந்தேன், அங்கேயும் அவள் வாய் திறந்திருக்க மாட்டாள். அவள் இருதயம் நின்றுதான் போனாள், விழுந்து அல்ல. என்றாலும் எத்தனை தரம் தனியாக விழுந்து, தனியாக எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டாளோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இவ்வளவும் விளங்கின பிறகாவது போய்க் காட்டினேனா? இல்லை. அதுதான் என் பெரிய பிழை.

கார்த்திகையில் அந்த மழை நாள். நீ குட்டியை என்னிடம் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனாய். அவள் பாயில் இருந்து கையை நீட்டினாள். நான் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஒரே எழும்பாய் எழும்பினேன். கண் இருண்டது. கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன், அது மட்டும் ஞாபகம். முதுகு கதவு நிலையில் மோத, அப்படியே சறுக்கி நிலத்தில் இருந்தேன். கண் தெளிந்தபோது அவள் என் நெஞ்சின் மேல் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் அந்த நிலைக்கு ஒரு சாண் தள்ளித்தான் அம்மி கிடந்தது. அதை நான் நினைக்காத நாள் இல்லை. நீ வந்து, "என்னப்பா, வேர்த்துக் கிடக்கு?" என்று கேட்டாய். "புழுக்கம்" என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை ரின்னையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். உன் வயதுதான் இருக்கும் அந்த டொக்டருக்கு. ஏசுவாள் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அவள் ஏசவில்லை, கேட்டாள். "இந்த வருஷம் விழுந்தனீங்களோ, ஐயா?" அந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை. கேட்டவுடன் மூன்றையும் கொட்டிவிட்டேன். படுக்க வைத்துப் பிறஷர் பார்த்தாள், உடனே எழுப்பி நிறுத்தி மறுபடி பார்த்தாள். "எழும்பேக்கை நல்லா இறங்குது. என்ன குளிசை போடுறனீங்கள்?" ரின்னைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "இது ஆருக்கு எழுதினது?" சொன்னேன். ரின்னை மூடித் தன் பக்கம் எடுத்து வைத்தாள்.

பிறகு நான் இருந்த கதிரையின் கையைப் பிடிக்காமல் எழும்பச் சொன்னாள். இரண்டு தரம் முடியவில்லை, மூன்றாம் தரம்தான் எழும்பினேன். தனியாக இருக்கிற நான் தினமும் ஒரு வேளையைப் பேக்கரிப் பாணும் தேத்தண்ணியுமாகக் கழிப்பதால் கால் தசை வற்றிப்போயிருக்கிறதாம். இடது கண்ணில் புரை, அதனால் படியின் விளிம்பு தெரிவதில்லையாம். என் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை இனிப் போடாதேங்கோ" என்றாள். சாரத்தைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொன்னாள். பிறஷர்க் குளிசையையும் சலக் குளிசையையும் நிறுத்தினாள். நித்திரைக் குளிசையை மட்டும் சட்டென்று விடக் கூடாது, தான் சொல்கிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றாள். ஒரே காரணத்தால் நான் விழவில்லை, இவ்வளவும் சேர்ந்துதான் விழுத்தியிருக்கின்றன.

இரண்டு கிழமை கழித்துப் போனபோது மறுபடி அளந்துவிட்டுச் சொன்னாள். "ஐயா, உங்களுக்குப் பிறஷர் வருத்தமே இல்லை. உங்கடை மனுசியின்ரை வருத்தத்துக்கு நீங்கள் மருந்து போட்டிருக்கிறியள்." அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் அந்த மேசையில் கையை வைத்துக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன். வெளியே வரிசையில் சனம் நின்றது. அவள் அவசரப்படுத்தவில்லை. போகும்போது, "ரின்னை மட்டும் தாங்கோ பிள்ளை" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது அதற்குள் ஒன்றும் இல்லை. மேலே தட்டினால் நல்ல சத்தம் வருகிறது, குட்டிக்குப் பிடிக்கும்.

இனி உனக்கு ஒன்று சொல்கிறேன், அப்பனின் புத்திமதி என்று ஒரு கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டுமே. யாராவது விழுந்தால், மாமியோ, மருமகனோ, நாளைக்கு நடை பழகுகிற உன் பிள்ளையோ, எடுத்தவுடனே "பாத்து நடக்கத் தெரியாதோ" என்று கேட்காதே. எங்கே நோகிறது என்று கேள். எழும்பும்போது தலை சுற்றியதோ என்று கேள். அந்த ஏச்சுக் கேள்வியை நான் அம்மாவிடம் ஒரே ஒரு தரம்தான் கேட்டேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த பதில் முழுக்க ஆடுதான். நீ வாசித்து முடித்ததும், சம்மதமென்றால் இதை எங்கள் வாசிகசாலையில் கொடு. பேப்பர் பார்க்க வருகிறவர்களில் என் வயதுக்காரர் நாலு பேராவது வீட்டில் ஒரு ரின் வைத்திருப்பார்கள். எனக்கு இனி வெட்கம் இல்லை. கொடிகாமத்து ஆட்களிடம் ஆட்டைத் திருப்பிக் கேட்க முடியுமா என்றும் பார்.

ஐந்து கிழமையாகத் தலை சுற்றவில்லை. கிணற்றடிப் பாசியை மருமகனைக் கொண்டு தேய்ப்பித்தது ஏன் என்று இப்போது உனக்கு விளங்கும். புதுச் செருப்பு வாங்கிவிட்டேன். காலையும் மாலையும் கதிரையில் இருந்து பத்துத் தரம் எழும்பி மறுபடி உட்காருகிறேன், பிடிக்காமல். கண் ஒப்பரேஷனுக்கு மாசியில் நாள் தந்திருக்கிறார்கள். ஆனால் இனி விழவே மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் பண்ண மாட்டேன். பொய் சொல்லிக் களைத்துப்போனேன்.

அதனால் ஒரு ஒழுங்கு செய்திருக்கிறேன். மாமிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். ஏசினாள், பிறகு அழுதாள், பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் வந்து நீ வரும் வரை இருப்பதாகச் சொன்னாள். தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவள். நீயும் மருமகனும் இருந்து கதையுங்கள். வேண்டாமென்றால் வேண்டாம், நான் பின்னேரம் உன் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

சம்மதமென்றால் திங்கட்கிழமை கொண்டு வா. படலையடிக்கு வந்து உன் கையிலிருந்து அவளை நான் வாங்க மாட்டேன், அதைப் பார்த்து மனம் நோகாதே. நடு அறையில் பாய் போட்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு இருப்பேன். அம்மியை வெளியே எடுப்பித்துவிட்டேன். நீ உள்ளே வந்து, குனிந்து, அவளை என் மடியில் வை. நிலத்தில் இருக்கிறவன் விழ மாட்டான், பிள்ளை.

உன் அப்பா